பின்னால் நிற்கிறவர்

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். எழுதிக்கொள்ளப் போகிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அதுதான் பயம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் வேறொன்றுக்குப் போய்விடுவேன். நான் தப்பாகச் சொல்லி, நீங்கள் அதைச் சரியாக எழுதிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? பிறகு நான் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று, அது அப்படி இல்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? புருஷனைக் காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறாள் என்பார்கள்.

என் தம்பி முனிரத்தினம் கொடுத்த மனுவில் பொய் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ஜெயவேலு, முன்னாள் ராணுவ வீரர், என்னைக் கீழே தள்ளி இடது மணிக்கட்டை உடைத்தார் என்று எழுதியிருப்பான். உடைத்தார்தான். இதோ பாருங்கள், இன்னும் முழுசாக மடங்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நெற்றியில் நாலு தையல் போட்டது, அதுவும் உண்மை. எதிர்வீட்டு ருக்கு அக்கா இரண்டையும் கண்ணால் பார்த்தவள். கேட்டால் நடித்தே காட்டுவாள். ஆனால் மேடம், அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும் என்கிறீர்கள். அதைத்தான் நான் குழப்பாமல் சொல்ல வேண்டும். அவர் தோல் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்களை வாசலில் பார்த்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்களோடு ஜீப்பில் ஏறிவிடுவார். அப்படிப்பட்ட ஆள்.

கல்யாணத்தின்போது எனக்குப் பத்தொன்பது வயசு. மாப்பிள்ளை பாராசூட் படை என்று சொன்னார்கள். விமானத்திலிருந்து குதிக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு மிலிட்டரிக்காரர் உண்டு, ஆனால் குதிக்கிறவர் இவர் ஒருத்தர்தான். மெரூன் கலர் தொப்பி, சட்டையில் இறக்கை வைத்த பட்டை. என் சித்தி பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "அடியே சுகுணா, சண்டை கிண்டை போட்டுத் தொலைக்காதே. உன் ஆளு கோவிச்சுக்கிட்டு மொட்டை மாடியிலேர்ந்து குதிச்சிட்டா, குடை விரியறதுக்குள்ள தரை வந்துடும்" என்றாள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போது சிரிப்பார்.

வேலையைப் பற்றிக் கேட்டால் குதிக்கிறதைப் பற்றி மட்டும் ஆசையாகச் சொல்வார். விமானத்துக்குள்ளே ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நிற்பார்களாம். பாராசூட் மூட்டை முதுகில். அவரவர் மூட்டையை அவரவரால் பார்க்க முடியாது. அதனால் முன்னால் நிற்கிறவன் முதுகைப் பின்னால் நிற்கிறவன்தான் பார்க்க வேண்டும். பட்டி சரியா, கயிறு சிக்கலில்லாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தோளில் ஒரு தட்டு தட்டி, ஓகே சொல்ல வேண்டும்.

"முன்னால நிக்கிறவன் முதுகு நம்ம பொறுப்பு சுகுணா. அவன் திரும்பியே பார்க்கமாட்டான். நம்பி நிப்பான்."

"உங்க முதுகை யார் பார்ப்பாங்க?"

"குருவப்பான்னு ஒருத்தன். பலமனேரிக்காரன். மூணு வருஷமா அவன்தான் என் பின்னால."

நான் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால்... இருங்கள், வரிசை மாறிவிடும். சண்டைக்குப் போனாரா என்று கேட்டீர்கள் இல்லையா? போனார். எண்பத்தேழில், யாழ்ப்பாணத்துக்கு. நான் கட்டிக்கொள்வதற்கு மூன்று வருஷம் முன்னால். அங்கே விமானத்திலிருந்து குதிக்கவில்லை, ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கி நடக்க விட்டார்களாம். அதைப் பற்றி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு பேச்சு. "அங்க எல்லா வீட்டுக்கும் ஓலையில வேலி கட்டியிருப்பாங்க. அவ்ளோ சுத்தமா இருக்கும்." அவ்வளவுதான். நானும் தோண்டிக் கேட்கவில்லை. எனக்கு அப்போது என் கவலை பெரிது. மாமியார் வீட்டில் பதினோரு பேர். எந்நேரமும் வீட்டில் யாராவது இருப்பார்கள். அந்த வீட்டுக்குப் பூட்டே கிடையாது. அதனால்தான் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், அந்த வீட்டுக்குப் பூட்டு கிடையாது.

அவர் ரிட்டயர்டு ஆகி வந்து, இந்த வீட்டைக் கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு மாமியார் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தார். விளக்கேற்றுகிறவள்தான் வீட்டைப் பூட்ட வேண்டும், ஆம்பளை பூட்டினால் வீடு தங்காது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வெளியே கிளம்பினால் ஆம்பளை பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பார், பெண்பிள்ளை பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. முப்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு சாவி.

முதல் தடவை பூட்டியது முனிரத்தினத்தின் பெண்ணுக்குக் காது குத்தப் போனபோது. காலை ஒன்பது மணி, நல்ல வெயில். அவர் லட்டு டப்பாவோடு தெருவில் நிற்கிறார். நான் கதவைச் சாத்தி, திரும்பி நின்று, நாதாங்கியில் பூட்டை மாட்டுகிறேன். பின்னால் ஓடி வருகிற சத்தம். அவ்வளவுதான் தெரியும். இடுப்பைக் கட்டிப் பிடித்து, என்னோடு சேர்ந்து படியிலிருந்து உருண்டு, மண்ணில் விழுந்து, என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். என் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். படி விளிம்பு நெற்றியில் கிழித்து ரத்தம். லட்டு தெருவெல்லாம். எதிர் வீட்டிலிருந்து ருக்கு அக்கா, "ஐய, பட்டப்பகல்ல நடுத்தெருவுல... உள்ள போய்க் கொஞ்சுங்களேன்!" என்று முதலில் சிரித்தாள். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கத்தினாள்.

அவர் எழுந்து என் புடவையில் மண்ணைத் தட்டிவிட்டார். "கால் தடுக்கிடுச்சு" என்றார். யார் கால்? என்ன தடுக்கியது? அவர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. நெற்றி கிழிந்தது எனக்கு, நடுங்கியது அவர்.

அடுத்த தடவை நான் பூட்டை எடுத்தபோதே, "பூட்ட வேண்டாம் சுகுணா" என்றார். ஏன் என்றேன். சும்மா சாத்திவிட்டு வா என்றார். மேடம், நீங்களும் குடும்பம் நடத்துகிறவர். ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கதவைப் பூட்டாதே என்று சொன்னால் என்ன அர்த்தம்? போதாததற்கு, எப்போது பார்த்தாலும் என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மி அரைத்தால் பார்ப்பார். குழாயடியில் குனிந்தால் பார்ப்பார். நான் திரும்பினால் கண்ணை வேறு பக்கம் கொண்டுபோவார். சந்தேகப்படுகிறவன் பார்வை அப்படித்தானே இருக்கும்? ஒருநாள் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "உள்ள எவனை வெச்சுப் பூட்டறேன்னு பாக்குறீங்க?" என்று.

அவர் என்னைப் பார்த்த பார்வை... அதை எழுத வேண்டாம். பதில் சொல்லவில்லை. பின்பக்கம் போய் பம்ப்படியில் நின்றார். பதில் இல்லையென்றால் நான் சொன்னது சரி என்றுதானே ஆகும்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினாலு வருஷம். அவரோடு சிரித்துப் பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், பெண்ணை வளர்த்து ஓசூரில் கட்டிக்கொடுத்தேன். வீடு பூட்டாமல் கிடப்பதால் வெளியே மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து போனதே கிடையாது. ஒரு கல்யாணம் என்றால் காலையில் நான், சாயங்காலம் அவர். ருக்கு அக்கா ஊரெல்லாம் சொல்வாள்: "எதிர்வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் ஷிப்ட் போட்டுக்கிட்டுக் குடும்பம் நடத்துறாங்க." பெண் கல்யாணத்தன்று மட்டும் அவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனோம். அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு இன்னும் குறை சொல்கிறாள்.

இந்தச் சித்திரையில் என் அம்மா செத்துப்போனாள். போன் வந்ததும் இரண்டு பேரும் ஓடினோம். கதவைச் சாத்தியதோடு சரி. மறுநாள் வந்து பார்த்தால் கேஸ் சிலிண்டர் இல்லை. பித்தளை அண்டா இல்லை. பெண்ணின் சின்ன வயசு வெள்ளிக் கொலுசு, அதுவும் இல்லை. அம்மாவுக்கு அழுதேனா கொலுசுக்கு அழுதேனா தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன், "இனிமே நான் பூட்டத்தான் போறேன். நீங்க என்ன நினைச்சாலும் சரி."

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பினோம். பழைய பூட்டைத் தேடி எடுத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். "வேணாம் சுகுணா, கேளு" என்றார். நான் கேட்கவில்லை. வீம்புக்கென்றே அவருக்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாகச் சாவியைத் திருப்பினேன். ஐம்பத்திரண்டு வயசு ஆள் மேடம், அந்தத் தெருவிலிருந்து இந்தப் படிக்கு எப்படிப் பறந்தார் என்று ருக்கு அக்காவுக்கே தெரியவில்லை. நான் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் என்மேல் கிடந்து, என் காதுக்குப் பக்கத்தில் இந்தியில் ஏதோ கத்திக்கொண்டே இருந்தார். அதே வார்த்தை, திரும்பத் திரும்ப. எனக்கு இந்தி தெரியாது.

ஆஸ்பத்திரியில் முனிரத்தினம் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "மாமா, நீ குதிச்சதெல்லாம் ஆகாசத்தோட இருக்கட்டும். எங்கக்கா மேல குதிக்கற வேலை வெச்சுக்காதே. ஒண்ணு நீ ஆஸ்பத்திரியில இருக்கணும், இல்லே ஜெயில்ல இருக்கணும்" என்றான். அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "நீ சொல்றது சரிதான் மச்சான்" என்றார்.

அன்றைக்கே காணாமல் போனார். மறுநாள் மத்தியானம் ஒரு ஆளோடு வந்து நின்றார். வழுக்கைத் தலை, பெரிய மீசை, ஒரு கையில் மாம்பழப் பை. "இவன்தான் குருவப்பா" என்றார். பிறகு அந்த ஆளிடம், "நீ சொல்லு. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். குருவப்பா அண்ணன் சொல்லி முடிக்கிறவரைக்கும் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாளி ரொம்பி வழிந்திருக்கும். நிறுத்தவே இல்லை.

குருவப்பா அண்ணன் இதே இடத்தில்தான் உட்கார்ந்தார். நான் கட்டுப்போட்ட கையோடு அந்தச் சுவரில் சாய்ந்திருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இதில் மட்டும் நான் ஒரு வார்த்தை மாற்றமாட்டேன்.

"தங்கச்சி, எங்க கூட்டத்துல தமிழ் பேசறவன் இவன் ஒருத்தன்தான். எனக்குக் கொஞ்சம் புரியும், மத்தவங்களுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. வீடு வீடா சோதனை போட்டோம். இவனைத்தான் முன்னால நிக்க வெச்சுக் கூப்பிடச் சொல்வாங்க. இவன் குரலைக் கேட்டா ஜனங்க வெளிய வருவாங்க. நம்ம பேச்சு பேசறானேன்னு வருவாங்க. ஒரு வீட்டுல ஒரு பொம்பளை. உன் வயசு இருக்கும், இப்ப உனக்கு இருக்கற வயசு. இவன், 'அக்கா, பயப்படாதீங்க, நானும் தமிழ்தான், வெளிய வாங்க'ன்னான். தலையில துண்டு கட்டிக்கிட்டு வந்தாங்க. குளிச்சிட்டு இருந்திருப்பாங்க போல. இவனைப் பார்த்துச் சிரிச்சாங்க. ரெண்டு படி இறங்கிட்டு நின்னு, 'தம்பி, கதவைப் பூட்டிப்போட்டு வரட்டே?'ன்னு கேட்டாங்க. இவன், 'பூட்டிட்டு வாங்கக்கா'ன்னான்."

அவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பம்ப் சத்தம்தான்.

"அவங்க கேட்டது என்னன்னு இவன் அப்புறம் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவங்க எதுக்குத் திரும்பறாங்கன்னு அப்ப இவனுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்குச் சொல்லணும்னு இவனுக்குத் தோணலை. வீட்டைப் பூட்டறது ஒரு பெரிய விஷயமா? ஊர்ல அம்மா பூட்டற மாதிரிதானே. அவங்க முதுகைக் காட்டிக்கிட்டுப் பூட்டைப் போடறாங்க. இவன் பின்னால நிக்கிறான். குண்டு எங்கேர்ந்து வந்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது தங்கச்சி. வேலிக்கு அந்தப் பக்கமா, எங்க பக்கமா, தெரியாது. அதுக்கப்புறம்தான் இவன் கத்தினான். 'பூட்டத்தான் போறாங்க, பூட்டத்தான் போறாங்க'ன்னு. இந்தியில. எல்லாம் முடிஞ்சப்புறம்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் காதில் அவர் கத்தியது என்ன வார்த்தை என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா மேடம்? அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாலு வருஷம் இந்த மனுஷன் என்னைச் சந்தேகப்படுகிறான் என்று நினைத்து நான் செத்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? குருவப்பா அண்ணனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுக்கச் சொல்லி ருக்கு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஏற்கெனவே ஜன்னலோரம்தான் நின்றிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தால் மட்டும் போதுமா? வீட்டைப் பூட்ட வேண்டாமா? திருடன் மறுபடியும் வரமாட்டானா? நான் இதையெல்லாம் யோசிக்கிறவள். பழக்கமாவது ஒன்றாவது என்று சாவியை அவரிடமே கொடுத்துப் பார்த்தேன். அவர் பூட்டினார். நாலு அடி வைத்தார். திரும்பப் போய்த் திறந்தார். உள்ளே தலையை நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா வந்துடுங்க" என்றார். காலி வீடு மேடம். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நிற்கிறோம். மறுபடி பூட்டினார். மறுபடி திறந்தார். "அக்கா, உள்ள யாரும் இல்லையே?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பஸ் போய்விட்டது. நான்தான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்கு நாங்கள் எங்கேயும் போகவில்லை.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. கைக்கட்டு அவிழ்த்த மறுவாரம், அவர் ஷிப்டில் இருக்கும்போது ஆசாரியைக் கூப்பிட்டேன். நாதாங்கியைக் கழற்றிக் கீழே இறக்கி இடுப்பு உயரத்துக்கு வை என்றேன். அவன், "என்னம்மா இது, யாராவது நாதாங்கியை இடுப்புக்கு வைப்பாங்களா? குழந்தைங்க பூட்டவா?" என்று சிரித்தான். உன் வேலையைப் பாரப்பா என்றேன். அவன் போன பிறகு, கதவில் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பூட்டிப் பழகினேன். இந்த மணிக்கட்டு திரும்பவே திரும்பாது. சாவி நூறு தடவை கீழே விழுந்திருக்கும். ருக்கு அக்கா எதிரில் நின்று, "ஏண்டி, முதுகு அரிக்குதா?" என்று கேட்டாள். நான்கு நாள் பழகினேன். பார்க்காமல், தடவாமல், எண்ணி எட்டுக்குள் பூட்டிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து முனிரத்தினம் வீட்டுக்குக் கிளம்பினோம், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்ல. அவன் வாங்கவில்லை, அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அது கிடக்கட்டும். கிளம்பின நேரத்தைச் சொல்கிறேன், இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் பையோடு தெருவில் நிற்கிறார். நான் கதவைச் சாத்தினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார். அப்படி வைத்தால் ஓடி வரப் போகிறார் என்று எனக்குத் தெரியும். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் திரும்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏங்க, நான் பூட்டத்தான் போறேன்" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கிட்டீங்களா? கண்ணாடி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, "கண்ணாடி இருக்கு" என்றார். பூட்டு நாதாங்கியில் விழுந்தது. கதவுக்கு முதுகைக் கொடுத்து, அவருக்கு முகத்தைக் கொடுத்து, சாவியைத் திருப்பினேன்.